விடிலியில் வளர்ந்த பிள்ளைகள்

உடன்குடி என்றதும் மளிகைக் கடைக்காரர் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கருப்பட்டிதான். பிள்ளை பெற்றவளுக்கு மருந்து கிண்ட, பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களி கிளற, மழைக்காலத்தில் சுக்குக் காப்பி போட என்று தென்மாவட்ட வீடுகளில் அதற்கு ஓயாத வேலை உண்டு. சுக்கும் மிளகும் ஏலமும் தட்டிப் போட்ட சில்லுக்கருப்பட்டி தனி ரகம். உடன்குடி பனங்கருப்பட்டிக்கு இப்போது புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

ஊர் இருப்பது முத்துக்குளித்துறைக் கரையை ஒட்டி. கிழக்கே சிறிது தூரத்தில் குலசேகரன்பட்டினம், தெற்கே மணப்பாடு, வடக்கே திருச்செந்தூர், அதற்கும் அப்பால் காயல்பட்டினம். கடலில் மூழ்கி முத்தெடுத்தவர்களைப் பற்றிப் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார்கள். முத்துச் சிப்பியில் அரசுக்குப் பங்கு இருந்ததால் கணக்கும் இருந்தது. கரையிலிருந்து உள்ளே தள்ளி, செம்மண் தேரியில் பனையேறி வாழ்ந்த குடும்பங்களைப் பற்றி அந்த அளவுக்கு எழுதியவர் இல்லை. எழுதப்பட்ட முக்கியமான புத்தகம் ஒன்றும் பெரும் சண்டையில் போய் முடிந்தது. அதைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்தக் குடும்பங்களின் ஓராண்டு எப்படிக் கழிந்தது என்று பார்த்துவிடலாம்.

பனைக்கு மாசியில் பருவம் தொடங்கும். பாளை சீவத் தொடங்கினால் ஆடி, ஆவணி வரை ஒருநாள் விடக்கூடாது. சீவாமல் விட்ட பாளை அடைத்துக்கொள்ளும், அப்புறம் அது சுரக்காது. ஆகவே பனையேறிக்கு ஞாயிறும் இல்லை, நல்ல நாள் பொல்லாத நாளும் இல்லை. ஒரு கை தேர்ந்த ஆள் நாளொன்றுக்கு முப்பது முதல் ஐம்பது மரம், காலையும் மாலையும் இரண்டு வேளை ஏறுவார். நாற்பது அடி மரம் நாற்பது என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் இருவேளைக்கு 3,200 அடி ஏற்றம். அதே அளவு இறக்கம். காலில் தளைநார், இடுப்பில் அருவாள்பெட்டி, சாய்த்து வைத்து முதல் எட்டு எடுக்க முருக்குத்தடி. மார்பும் உள்ளங்காலும் காய்த்துக் கறுத்திருப்பதை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

இது ஆணின் வேலை. தொழிலில் பாதிதான் இது. மற்றப் பாதி விடிலியில் நடக்கும். பனைவிளைக்குள்ளேயே ஓலையால் வேய்ந்த குடிசைக்கு விடிலி என்று பெயர். பருவம் முழுக்கக் குடும்பம் அங்கேதான். கலயத்தில் இறங்கிய பதனி அன்றைக்கே காய்ச்சப்பட வேண்டும், வைத்தால் புளித்துவிடும். எட்டு, பத்து லிட்டர் பதனியைக் காய்ச்சினால் ஏறத்தாழ ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். காலை வெயில் ஏறும்போது அடுப்பில் ஏற்றினால் மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். பொங்கி வரும்போது ஆமணக்கு விதையைப் பொடித்துப் போட்டால் அடங்கும். பாகு கூப்பனி பதத்தைத் தாண்டி இறுகும் கணத்தைக் கண்ணும் கையும்தான் சொல்லும். ஒரு நிமிடம் தப்பினால் அன்றைய உழைப்பு கருகும். பிறகு வரிசையாக அடுக்கிய சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவார்கள். இத்தனையும் பெண்ணின் பொறுப்பு. தாழ்ந்த ஓலைக் கூரை, ஒரே வாசல், மாதக்கணக்கில் புகை. உடன்குடி வட்டாரத்தில் பனையேறியின் மனைவிக்குக் கண்ணெரிச்சலும் இருமலும் சீதனம்போல் வந்து சேர்ந்தன.

அடுப்புக்கு விறகு யார் கொண்டு வருவது? பிள்ளைகள்தாம். காவோலை, பன்னாடை, மட்டை, சுள்ளி என்று விளை முழுக்கப் பொறுக்கி வந்து குவிக்க வேண்டும். ஒரு நாள் காய்ச்சுக்கு எரியும் விறகைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். மரத்தடியில் இறக்கிய பதனியைச் சுமந்து விடிலியில் சேர்ப்பது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது, பாகு பொங்கும்போது அம்மா வெளியே போயிருந்தால் கத்திக் கூப்பிடுவது என எட்டு வயதுப் பிள்ளைக்கு முழுநாள் வேலை இருந்தது. பெண்பிள்ளை என்றால் மிச்ச நேரத்தில் ஓலைப்பெட்டி முடைய வேண்டும்.

இன்றைய பள்ளி ஆண்டோடு இதைப் பொருத்திப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று தெரியும். ஆண்டுத் தேர்வு பங்குனி, சித்திரையில். பள்ளி திறப்பு வைகாசி கடைசியிலோ ஆனியிலோ. இரண்டும் பனைப் பருவத்தின் நடுவில் விழுகின்றன. நடுவே கோடை விடுமுறை மட்டும்தான் இரண்டு காலண்டருக்கும் ஒத்துப்போகும். தேர்வுக்கு வராத பிள்ளை, திறப்புக்கும் வராத பிள்ளை, ஆவணியில் வந்து கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளை. இப்படி இரண்டு ஆண்டு போனால் மூன்றாம் ஆண்டு அது வராது. ‘படிப்பு ஏறல’ என்று வாத்தியாரும் சொல்வார், வீட்டிலும் சொல்வார்கள்.

மழைக்காலத்தில் வேலை இல்லையே, அப்போது படிக்கலாமே என்று கேட்கத் தோன்றும். புரட்டாசியிலிருந்து தை வரையிலான அந்த மாதங்களில்தான் கடன் வளரும்.

தேரிக்காட்டில் பனை நிற்கும் நிலம் பெரும்பாலும் ஏறுபவனுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. திருச்செந்தூர் வட்டாரத்தில் நிலமும் மரமும் நாடான்கள் எனப்பட்ட சில குடும்பங்களின் கையில் இருந்தன. ஏறியவர்களும் அவர்களும் வெளியுலகுக்கு ஒரே சாதி. உள்ளே பெண் கொடுத்து எடுக்கும் வழக்கம் இல்லை. பல ஊர்களில் ஒரு நாள் பதனி மரத்துக்காரருக்கு, மறுநாள் பதனி ஏறியவருக்கு என்று முறை வைத்துப் பங்கிட்டார்கள். மரத்தில் ஏறும் உடம்பு ஒருவருடையது, விழுந்தால் போகும் உயிரும் அவருடையது, விளைச்சலில் பாதி மட்டும் மரத்துக்காரருடையது.

மிச்சமிருந்த பாதிக்கும் முன்கூட்டியே விலை பேசியாகிவிட்டிருக்கும். மழைக்காலத்தில் அரிசிக்கும் துணிக்கும் மருந்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவது வழக்கம். அதற்கு ஈடாக, பருவத்தில் காய்ச்சும் கருப்பட்டி முழுதையும் அவர் சொல்லும் விலைக்கு அவருக்கே போட வேண்டும். வரத்து மிகுந்து விலை இறங்கியிருக்கும் சித்திரை, வைகாசியில் அது போய்ச் சேரும். விலை ஏறும் கார்த்திகை, மார்கழியில் அது வியாபாரியின் கிட்டங்கியில் இருக்கும். அதே கார்த்திகையில் பனையேறி அடுத்த முன்பணத்துக்காக அதே கடையின் படியேறுவார். வியாபாரிகள் எல்லோரும் கொடியவர்கள் என்று சொல்வதற்கில்லை. மழைக்காலத்துப் பசிக்கு அந்த ஊரில் கடன் கொடுக்க வேறு யாரும் இருந்ததில்லை என்பதும் உண்மை. ஆனால் முன்பணம் வாங்கியவர் வைத்த ஈட்டில் மனைவியின் கையும் பிள்ளைகளின் கையும் சேர்ந்தே இருந்தன. காய்ச்சினால்தான் கடன் அடையும், விறகு வந்தால்தான் காய்ச்ச முடியும்.

ஏறியவர் தவறி விழுந்தால் கதை வேறு. முதுகெலும்பு முறிந்தவரைக் கட்டிலில் போட்டுவிட்டு மூத்த பையன் தளைநாரை எடுப்பான். அவனுக்குப் பதின்மூன்றோ பதினாலோ இருக்கும். பையன் இல்லாத வீட்டில் விதவை ஓலை முடைந்தே பிழைக்க வேண்டியதுதான்.

இந்த வாழ்க்கையை விரிவாக எழுதிய முதல் வெளியாள் கிறிஸ்தவ மிஷனரி ராபர்ட் கால்டுவெல். 1838-இல் சென்னைக்கு வந்து 1841-இல் இடையன்குடியில் குடியேறியவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக இன்று சிலை வைத்துக் கொண்டாடப்படுகிறவர், அதற்கு முன்பே 1849-இல் திருநெல்வேலிச் சாணார்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். (அரசுப் பதிவுகளில் அந்தப் பெயர் நாடார் என்று மாறியது 1921-இல்.) மரம் ஏறும் முறை, உணவு, வழிபாடு என்று அவர் உற்றுப் பார்த்து எழுதியவை பல. ஆனால் கண்ட வறுமையை அந்தச் சமூகத்தின் குணமாகவும் அறிவுக் குறைவாகவும் எழுதிவிட்டார். படிக்கக் கற்றுக்கொண்ட அதே சமூகத்துப் பிள்ளைகள் வளர்ந்து அந்த நூலைப் படித்தபோது கொதித்தார்கள். அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை மிஷனை விட்டு விலகி, 1857-இல் நாசரேத்துக்கு அருகே பிரகாசபுரத்தில் தனித் திருச்சபையே கண்டார். கால்டுவெல்லின் நூல் பின்னர் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. மிஷன் பள்ளி கொடுத்த எழுத்தறிவு மிஷனரியின் புத்தகத்தையே திருப்பி அனுப்பிய கதை இது. தேரிக்காட்டு வரலாற்றில் இதைவிடச் சுவையான அத்தியாயம் குறைவு.

அதற்காக மிஷன்கள் செய்ததை மறைக்க முடியாது. துன்புறுத்தலுக்கு ஆளான கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அடைக்கலமாக 1799-இல் முதலூர் உருவானது. சொந்த மனையில் வீடு கட்டிக்கொள்ளும் உரிமை என்பதே அந்தக் காலத்தில் பெரிய விடுதலை. மரத்துக்காரர் ‘இறங்கு’ என்றால் இறங்க வேண்டிய விடிலியிலிருந்து அது ஒரு படி மேல். உடன்குடிக்குப் பக்கத்திலேயே, வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ் மெய்ஞ்ஞானபுரத்தைக் கிணறும் மரமும் பள்ளியும் உள்ள ஊராக்கினார். அங்குள்ள கோயிலின் 192 அடிக் கோபுரம் இப்போதும் சுற்று வட்டாரத்துக்கே அடையாளம். இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா 1840-களில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்திப் பின்னல் லேஸ் வேலையும் கற்றுக்கொடுத்தார். விடுதி என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வீட்டில் இருந்தால் பிள்ளை விறகு பொறுக்கப் போய்விடும். விடுதியில் இருந்தால் மாசியிலும் படிக்கும். லேஸில் சம்பாதிக்கும் காசு வீட்டுக்குப் போவதால் தகப்பனும் மறுப்பதில்லை.

1876–78 பஞ்சம் தென்னாட்டை உலுக்கியபோது பனைக்காட்டுக்குப் பதனி ஓரளவு கைகொடுத்தது. ஆனாலும் அரிசி விலை எட்டாத உயரத்துக்குப் போக, பசியும் காலராவும் சேர்ந்து அனாதைப் பிள்ளைகளை விட்டுச் சென்றன. நாசரேத்தில் கேனன் மர்காஷியஸ் 1878-இல் தொடங்கிய தொழிற்பள்ளி அந்தப் பிள்ளைகளை முன்னிட்டுத்தான். தச்சும் கொல்லும் தையலும் கற்ற பையன் மரமேறத் தேவையில்லை, முன்பணம் வாங்கவும் தேவையில்லை.

இதே காலத்தில் வடக்கே, சிவகாசி, விருதுநகர், கமுதி பக்கம் குடிபோன நாடார் வணிகர்கள் வேறொரு வழி கண்டார்கள். சந்தைப்பேட்டையில் கைமாறும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை ‘மகமை’ என்று ஒதுக்கிப் பொது நிதி சேர்த்தார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துப் பள்ளி நடத்தினார்கள். கோயில் நுழைவுக்காக 1897-இல் கமுதியில் தொடங்கிய வழக்கை லண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுபோகவும் அவர்களால் முடிந்தது. 1908-இல் அந்த வழக்கில் தோற்றார்கள் என்றாலும் பள்ளிகள் நின்றன. விருதுநகரில் பிடியரிசியில் நடந்த ஷத்திரிய வித்யாசாலையில்தான் காமராஜ் என்ற பையன் சேர்ந்தான். தகப்பனை இழந்த பிறகு படிப்பை நிறுத்திக் கடையில் நின்றதும் அந்த ஊரில்தான்.

மகமை ஏன் தேரிக்காட்டில் முளைக்கவில்லை? மூட்டை அவர்களிடம் இருந்ததில்லை. கருப்பட்டி விடிலியை விட்டுக் கிளம்பும்போதே வியாபாரியுடையது. ஆளுக்கொரு விளையில், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் சிதறிக் கிடந்த குடும்பங்களுக்குப் பேட்டையும் இல்லை, பேட்டையில் கூடும் பொழுதும் இல்லை. ஒரே சாதிக்குள் ஒரு பகுதியின் பிள்ளைகள் ஒரு தலைமுறையில் வக்கீலாகவும் மற்றப் பகுதியின் பிள்ளைகள் மூன்று தலைமுறை பனையேறியாகவும் இருந்ததற்கு, உழைப்பிலோ புத்தியிலோ காரணம் தேட வேண்டாம். விற்பனை யார் கையில் இருந்தது என்று பார்த்தால் போதும்.

ஒரு காலகட்டத்தில் நவீன ஆலையே உடன்குடியைத் தேடி வந்தது. பாரி கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்த ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் நிறுவனம் குலசேகரன்பட்டினத்தில் பனைவெல்லத்தைச் சுத்திகரித்துச் சீனியாக்கும் ஆலை நடத்தியது. முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி அந்த ஆலைக்காகவே திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை இரண்டடி அகலத் தண்டவாளத்தில் சின்ன ரயில் ஓடியது. உடன்குடிக்கு ரயில் இருந்தது என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆலையும் ரயிலும் நெடுநாள் நிற்கவில்லை. 1932-இல் இந்தியச் சர்க்கரைத் தொழிலுக்குக் காப்புவரிச் சட்டம் வந்ததும் நாடெங்கும் கரும்பாலைகள் பெருகின. வெள்ளைச் சீனி மலிந்தது. மரத்துக்கு மரம் ஏறிச் சேர்க்கும் இனிப்பு அந்தப் போட்டிக்கு ஈடுகொடுக்கவில்லை. 1940 வாக்கில் ரயிலும் நின்றது. விலை விழுந்தபோது விழுந்ததன் சுமை ஆலைக்கோ வியாபாரிக்கோ முழுதாகப் போகவில்லை. முன்பணத்தை அடைக்க அதிக மரம் ஏற வேண்டியிருந்தது.

அடுத்து மதுவிலக்கு. 1937-இல் சேலத்தில் தொடங்கி 1948-க்குள் மாகாணம் முழுக்க வந்த சட்டம் கள்ளை நிறுத்தியது. குடித்து அழித்த வீடுகளுக்கு அது நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது பதனி, தடவாத கலயத்தில் இறங்குவது கள். இந்த வித்தியாசத்தைச் சோதிக்கும் அதிகாரம் போலீஸ்காரர் கைக்குப் போனது. பதனி இறக்கவும் உரிமம் வேண்டும் என்றானது. கூடவே வந்த பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள், முன்பணக்காரரைத் தாண்டி நேரடியாக விற்க ஒரு கதவைத் திறந்தன. சில ஊர்களில் அவை நன்றாக நடந்தன. மழைக்காலத்தில் கையில் காசு கொடுக்கும் வேலையைச் சங்கம் செய்யாத ஊரில் பனையேறி மறுபடி பழைய கடைக்கே போனார்.

1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைத் தேரிக்காட்டிலிருந்து பார்க்க வேண்டும். பாதி நாள் பள்ளி. மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பழகலாம் என்பது அதன் சாரம். எதிர்த்தவர்கள் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். தச்சர் பிள்ளை உளி பிடிக்கப் பழகும், சரி. பனையேறி பிள்ளை பிற்பகலில் பழக வேண்டியது நாற்பதடி உயரத்தில் ஒற்றைக் காலில் நின்று பாளை சீவுவதை. விடிலிப் பிள்ளைகளை அரைநாள் வேலைக்கு அனுப்பச் சட்டம் வேண்டியதே இல்லை; அவர்கள் ஏற்கெனவே முழுநாளும் அங்கேதான் இருந்தார்கள். 1954-இல் முதலமைச்சரான காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். படிப்பை விட்டுக் கடையில் நின்ற அனுபவம் அவருக்கு இருந்தது.

மதிய உணவுத் திட்டம் 1956-இல் தொடங்கியதும் இப்போதைய தூத்துக்குடி மாவட்டத்திலேயே, பாரதி பிறந்த எட்டயபுரத்தில்தான். அதன் கணக்கை உடன்குடியில் வைத்துப் பார்த்தால் அருமை விளங்கும். பிள்ளை விறகு பொறுக்குவதால் வீட்டுக்குக் கிடைக்கும் லாபம் ஒரு பக்கம். பள்ளிக்குப் போனால் ஒரு வேளைச் சோற்றுச் செலவு மிச்சம் என்பது மறுபக்கம். மழைக்காலத்தில், அடுப்பும் அணைந்து பானையும் காலியாக இருக்கும் மாதங்களில், தராசு பள்ளிப் பக்கம் சாய்ந்தது. பருவத்தில் மட்டும் இழுபறி நீடித்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். திட்டத்தை விரிவாக்கியபோது ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் உள்ளே வந்தார்கள். விடிலிக்கு அது இன்னொரு உதவி. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவென்றே வீட்டில் நிறுத்தப்பட்ட அக்காவுக்கு, பால்வாடி இருந்த ஊரில், பள்ளிக்குப் போக வழி பிறந்தது.

படித்த பையன்கள் மரம் ஏறவில்லை. படிப்பைப் பாதியில் விட்டவர்களும் ஏறவில்லை. சென்னைக்கும் மும்பைக்கும் மளிகைக் கடைகளுக்குக் கிளம்பினார்கள். அவர்களில் பலர் மீசை முளைக்காத வயதில் சரக்குப் பொட்டலம் மடிக்கப் போனவர்கள். கடை முதலாளியான கதைகள் ஊரில் பெருமையாகப் பேசப்படும். கடைத் திண்ணையில் தூங்கி எழுந்து திரும்பி வந்தவர்களின் கதைகளை யாரும் பேசுவதில்லை. ஏற ஆளில்லாமல் போன பனைகள் செங்கல் சூளைக்குப் போயின. 2021-இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றது. மரத்துக்கு அந்தப் பாதுகாப்பு வந்தபோது ஏறியவர்களில் பெரும்பாலோருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது.

ஆள் குறைந்ததில் ஒரு நன்மையும் உண்டு. ஏறத் தெரிந்தவர் இப்போது அரிது என்பதால் மரத்துக்காரரிடம் பேரம் பேச முடிகிறது. கருப்பட்டி விலையும் பழைய விலை இல்லை. அந்த விலையே கலப்படத்தையும் கூட்டி வந்தது: மலிந்த வெள்ளைச் சீனியை வாங்கிக் காய்ச்சிக் கொஞ்சம் கருப்பட்டி சேர்த்தால் உடன்குடிப் பெயரில் விற்கலாம். அந்தச் சரக்குக்குப் பனையும் வேண்டாம், பனையேறியும் வேண்டாம். புவிசார் குறியீடு அந்தப் பெயரைக் காக்க வந்தது. குறியீட்டால் கூடும் காசில் விடிலிக்கு எவ்வளவு போகும் என்பதை அந்தச் சான்றிதழ் தீர்மானிப்பதில்லை. பழையபடி முன்பணமும் மரத்தின் பட்டாவும்தான் தீர்மானிக்கின்றன.

வட்டாரத்தின் முகமும் மாறிக்கொண்டிருக்கிறது. கல்லாமொழியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டுடன் அனல்மின் நிலையம் எழும்புகிறது. குலசேகரன்பட்டினத்தில் இரண்டாயிரம் ஏக்கருக்கும் மேல் நிலம் எடுத்து, 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். நிலத்துக்கு இழப்பீடு பட்டாக்காரருக்குப் போகும். அந்த நிலத்தில் நின்ற பனையில் இருபது ஆண்டு ஏறியவருக்குப் பட்டா கிடையாது.

இந்தக் கரையில் அரசு ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒன்றை இங்கே சொல்லலாம். மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. உப்பளத் தொழிலாளர்களுக்கும் மழைக்கால மாதங்களுக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டம் சில ஆண்டுகளுக்கு முன் வந்துவிட்டது. தொழில் நிற்கும் மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், பிள்ளை பள்ளியில் நிற்க வேண்டும் என்ற கணக்கை இரண்டு தொழில்களுக்கு ஏற்றுக்கொண்டாயிற்று. உப்பளத்தில் அந்த இடைவெளி மூன்று மாதம். பனையில் அது புரட்டாசியில் தொடங்கித் தை வரை நீள்கிறது.